திரும்பிப் பார்க்கும் மான்

இடக்கையில் மானையும் வலக்கையில் மழுவையும் ஏந்தி நிற்கும் ஐயனே, இரண்டையும் ஓருடம்பில் தாங்குதல் உனக்கு இயன்றது. எனக்கு இயலவில்லை. ஆயினும் சொல்லத் தொடங்குகிறேன். என்னை நான் நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை இவ்வெழுத்தில் எங்கும் புகாதவாறு காத்தருள்க.

இன்று மார்கழித் திருவாதிரை நன்னாள். ஷார்ஜாவில் என் மகளின் ஒன்பதாம் மாடிக் குடியிருப்பில் விடியுமுன்னரே களியும் குழம்பும் மணந்தன. பூசை அலமாரிக்கு முன் விளக்கேற்றி, குடும்பத்தார் அனைவரும் என் முகம் பார்த்து நின்றனர். வீட்டில் மூத்தவன் நான். பதிகத்தை நான்தான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. மகள் சற்றுக் காத்திருந்தாள். பிறகு கைப்பேசியில் யாரோ பாடிய ஒலிப்பதிவை ஓடவிட்டாள்.

ஏறத்தாழ ஓராண்டாக இப்படித்தான் நடக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அன்பர் ஒருவரின் வில்லாவில் கூடி வழிபடும் சிறு கூட்டத்தில், பொறியாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும், கேம்பிலிருந்து பேருந்து பிடித்து வரும் தொழிலாளரும் ஒன்றாக அமர்ந்து பாடுவார்கள். பதினெட்டு ஆண்டுகள் அங்கே முன்னின்று பாடியவன் நான். இப்போது தாளக்கருவியை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்கிறேன். கேட்போருக்குத் தொண்டைப்புண் என்று விடை சொன்னேன். அது பொய். என் குரலை நம்பி நின்ற ஓர் உயிர் அக்குரலாலேயே முடிந்துபோன கதையைச் சொல்ல அஞ்சியே அந்தப் பொய்யைச் சொல்லி வந்தேன்.

ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஓய்வுபெறும் வயது வந்தபோது, அந்தக் கிடங்கின் உரிமையாளருக்கு உறவினரான பெருஞ்செல்வர் ஒருவர் என்னை அழைத்தார். முதலாளியை அர்பாப் என்பது இங்குள்ள வழக்கம். நானும் அவரை அப்படியே குறிக்கிறேன். அவரோ ஆசான் என்னும் பொருளில் என்னை உஸ்தாத் என்பார். கிழக்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அவருக்கு வேலியிட்ட பெருநிலம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வானூர்தியில் வருவித்த இருவகை மான்களை அங்கே வளர்த்து வந்தார். அவற்றின் பிறப்பு, இறப்பு, நோய், தீவனம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் காக்க ஒருவர் தேவைப்பட்டார். “உன் கையெழுத்து அழகாக இருக்கிறது, உஸ்தாத். மானும் உனக்குப் பிடிக்கும் என்கிறார்கள். உன் கடவுள் கையில் மான் இருக்கிறதாமே?” என்று கேட்டுச் சிரித்தார். கொடியவர் அல்லர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கும்போது அவர்மேல் எவரும் சினங்கொள்ள வேண்டா.

மான்களைப் பேணுபவராக அங்கே அறந்தாங்கிப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஊரில் ஆடு மேய்த்தவர். இங்கே முதலில் சாலைப் பணிக்கு வந்து, பிறகு இந்த வேலிக்குள் வந்து சேர்ந்தவர். அவர் என்னை ஐயா என்பார். நான் அவரைத் தம்பி என்பேன். இருவகை மான்களையும் எனக்குப் பிரித்துக் காட்டியவர் அவரே. வந்த முதல் நாளே வேலியோரம் நிறுத்திச் சொன்னார்:

“ஐயா, இந்தப் பக்கம் நிக்கிறது வெள்ளைவாலு. இது எங்கூரு வார்டு மெம்பர் மாதிரி. ஒரு சத்தம் கேட்டாப் போதும், வெள்ளைக் கொடியத் தூக்கிக்கிட்டு ஓடிரும். திரும்பிக்கூடப் பாக்காது.”

“அந்தப் பக்கம் நிற்பவை?”

“அது மியூல் மான். நான் கழுதைக்காதுன்னுதான் கூப்புடுவேன். காதப் பாருங்க, நம்ம ரூம்ல டிஷ் ஆண்டெனா வச்ச மாதிரி. அதுவும் ஓடும். ஓடாம இருக்காது. ஆனா நாலு துள்ளு துள்ளிட்டு நின்னு, என்னடா சத்தம்னு திரும்பிப் பாக்கும். கேம்புல சண்டை நடந்தா நம்மாளுக நின்னு பாப்பாங்கள்ல, அதே கதைதான்.”

நான் சிரித்தேன்.

மூன்றாண்டுகள் அவற்றைப் பார்த்திருந்தேன். வெள்ளைவால் சிறுத்த உடம்பு உடையது, புதர் விரும்பி. மூக்கை நம்பி வாழ்வது. காற்று திரும்பினால் அது தலையைத் தூக்கும் விதமே தனி. அதன் கொம்பு ஒரே தண்டாய் முன்னோக்கி வளைந்து, அத்தண்டிலிருந்து கிளைகள் நிமிரும். கழுதைக்காதோ உயர்ந்தது, வெட்டவெளியை அஞ்சாதது, கண்ணையும் காதையும் நம்பி வாழ்வது. அதன் கொம்பு கவையாய்ப் பிரிந்து, கவை ஒவ்வொன்றும் மீண்டும் கவையாகும். வால் மெல்லிய கயிறு போன்றது. நுனியில் மைதொட்ட கருமை. அஞ்சி ஓடும்போது வெள்ளைவால் தரையோடு தரையாய்ப் பாயும். கழுதைக்காது நாற்குளம்பும் ஒருசேர எழ, பந்தெனத் துள்ளிச் செல்லும். கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் அந்தத் துள்ளலைக் கண்டவர்க்குத் தில்லைக் கூத்தின் தூக்கிய திருவடி நினைவுக்கு வாராதிராது. எனக்கு ஒவ்வொரு நாளும் வந்தது.

கழுதைக்காதுக் கூட்டத்தில் ஒரு கலைமான், அதாவது ஆண்மான், இருந்தது. பிறந்த சில நாளிலேயே தாயை இழந்தது. அந்த ஆண்டின் வெயில் தாய்ப்பிணையைக் கொண்டுபோயிற்று. தம்பி புட்டியில் பாலூட்டினார். அவர் வேறு வேலையாய்ப் போன நேரங்களில் நான் ஊட்டினேன். ஒருநாள் வேலிக் கம்பியில் சிக்கி அதன் இடக்காது கிழிந்தது. அதுமுதல் எங்கள் பேச்சில் அது காதுகிழிந்தவன்.

அந்நிலத்தில் ஒரு பெருமரம் உண்டு. இந்நாட்டார் காஃப் என்று போற்றும் மரம். அது நம் வன்னியே. சிவனுக்கு உகந்த இலையுடைய மரத்தைப் பாலை நடுவில் கண்டபோது, என்னை இங்கே அனுப்பியவன் அவனே என்று மனம் நெகிழ்ந்தேன். அதன் அடியில் ஒரு கல்லை வைத்து, அந்திதோறும் தீவனம் இடும் வேளையில் ஒரு பதிகத்தை முழுதாகப் பாடுவேன். ஜத் என்று இங்கே சொல்லும் குதிரைமசாலைத் தம்பி உதறிப் போடுவார், நான் பாடுவேன். கேட்டுக் கேட்டுக் கழுதைக்காதுகளுக்கு அந்தப் பண்ணே உணவுமணி ஆயிற்று. முதல் அடியை எடுத்ததும் சரிவில் எங்கிருந்தாலும் காதுகள் திரும்பும். ஒவ்வொன்றாய் இறங்கி வரும். எல்லாவற்றுக்கும் முன்னே வருவது காதுகிழிந்தவன். வெள்ளைவால்கள் ஒருபோதும் வந்ததில்லை. நான் பாடி முடித்து விலகிய பின்னரே புதரிலிருந்து தலை நீட்டும்.

“உங்க பாட்டுக்கு வெள்ளைவாலு மயங்கலியேய்யா” என்பார் தம்பி. “அது நாத்திகக் கட்சி போல.”

“செவி இருந்தும் கேளாதவை, தம்பி. இவை பக்குவப்பட்டவை.”

இப்படிச் சொன்னேன். செருக்கோடு சொன்னேன். கூட்டத்தில் பாட வந்தோரிடமும் இதையே வேறு சொற்களில் சொல்லி வந்தவன் நான். வாய்க்குள் முணுமுணுக்காதீர்கள், வாய்விட்டுப் பாடுங்கள், அவன் திருச்செவி சாய்ப்பான் என்று கடிந்துகொள்வேன்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அர்பாப் வந்தார். கலைமான்களின் கழுத்துப் பருத்து, கொம்போடு கொம்பு மோதும் பருவம் அது. வேலியருகே நின்று பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“உஸ்தாத், என் விருந்தினர் மூவர் வருகிறார்கள். இரண்டு மானுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடு. புத்தகத்தில் இருப்பது வேண்டாம். நீ கண்ணால் பார்த்ததை எழுது.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் அறிவை ஒருவர் நாடி வந்தார் என்பதே போதுமாயிருந்தது. மூன்று நாள் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். வால், காது, கொம்பு, மோப்பம், மேயும் வேளை, ஒளியும் இடம், ஓடும் விதம் என ஒன்றும் விடவில்லை. கடைசிப் பக்கத்தில், எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. வெள்ளைவால் ஓடத் தொடங்கினால் மறையும்வரை நிற்பதில்லை. மியூல் மான் ஓட்டத்தின் நடுவே ஒருமுறை நின்று, தன்னைத் துரத்துவது யாதென்று திரும்பிப் பார்க்கும். இதுவே அந்த வாக்கியம்.

தாளை வாங்கிப் படித்த அர்பாப் என் தோளைத் தட்டினார். மறுநாள் காலை தம்பி மூச்சிரைக்க என் அறைக்கு வந்தார்.

“ஐயா, ஓடைக்கு இந்தப் பக்கம் கல்லடுக்கி மறைப்புக் கட்டச் சொல்லிருக்காங்க. துப்பாக்கி வச்சுக்கிற மாதிரி சந்து விட்டுக் கட்டணுமாம். சுடப் போறாங்கய்யா. கெடா மட்டுந்தானாம்.”

அன்று மாலையே அர்பாபைக் கண்டு மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பதிவேட்டையே எடுத்து என் முன் விரித்தார். கொம்பு குத்தி இறந்த கலைகள், வேலியில் மோதிக் கால் முறிந்தவை, எல்லாம் என் அழகிய கையெழுத்தில் இருந்தன.

“வேலிக்குள் ஆண்கள் அதிகம், உஸ்தாத். நீயே எழுதியிருக்கிறாய். குறைத்தே ஆக வேண்டும். அனுமதித் தாள்களெல்லாம் வந்துவிட்டன.”

“காதுகிழிந்ததை மட்டுமாவது...”

“அதன் கொம்புதான் எல்லாவற்றிலும் அழகு. அதை மட்டும் விலக்கினால் விருந்தினரிடம் என்ன சொல்வேன்?” சரிவின் பக்கம் கைநீட்டினார். “சரி, உனக்காக ஒன்று செய்கிறேன். சரிவின் உச்சியில் ஒரு கற்சுவர் இருக்கிறதே, இடுப்பளவுச் சுவர். அதைத் தாண்டினால் கலாஸ், முடிந்தது. தாண்டிய மானை எவரும் சுடக் கூடாது. அது சாகும்வரை இங்கேயே வாழும். என் வாக்கு.”

திரும்பி வந்து தம்பியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“செவுரு வரைக்கும் நிக்காம ஓடுனாப் பொழச்சுக்கும். நின்னு பாத்தாத்தான் ஆபத்து. அப்படித்தானேய்யா?”

“அப்படித்தான்.”

“அப்ப நிக்காம ஓடப் பழக்கிருவோம். இன்னும் பத்து நாள் இருக்கு. நான் தகர டப்பாவத் தட்டித் தொரத்துறேன். ஆனா ஒண்ணு, நீங்க பாடக் கூடாது. பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பாடக் கூடாது. மனுசச் சத்தம் கேட்டா ஓடணும்னு அதுக்கு மண்டையில ஏறணும். உங்க பாட்டக் கேட்டா வந்து நின்னுரும்.”

“பாட மாட்டேன், தம்பி.”

“சாமி மேல சத்தியமா?”

“அவன்மேல் ஆணை.”

பத்து நாள் தம்பி உழைத்த உழைப்பை நான் கண்ணால் கண்டேன். காலையும் மாலையும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, “யல்லா! யல்லா! ஓடுறா டேய்!” என்று கத்தியபடி அந்தச் சரிவில் ஓடுவார். தான் பாலூட்டி வளர்த்ததைத் தானே கல்லெறிந்து விரட்டினார். முதல் நாட்களில் காதுகிழிந்தவன் நான்கு துள்ளல் போய் நின்று, இது என்ன விளையாட்டு என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். ஐந்தாம் நாள் ஒருமுறைதான் நின்றான். எட்டாம் நாள் சுவர்வரை நில்லாமல் ஓடி, தாவிக் கடந்து, மறுபுறச் சரிவில் மறைந்தான். தம்பி என் அறை வாசலில் வந்து தரையில் அமர்ந்து அழுதார்.

“பாத்தீங்களாய்யா? வெள்ளைவாலு மாதிரி ஓடுறான்யா. இனிமே என்னையக் கண்டா வர மாட்டான். பரவால்ல.”

நான் அந்தப் பத்து நாளும் பாடவில்லை. தீவன வேளையில் வன்னியின் பக்கமே போகவில்லை. அறைக்குள் அமர்ந்து மனத்தினுள் ஓதினேன். பழகாத வழி அது. எத்தனை ஆண்டுகள் வாய்விட்டுப் பாடியவன்! உள்ளே ஓதும்போது பாட்டு எங்கும் போய்ச் சேராமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

வேட்டைநாள் ஒரு பிரதோஷம். அர்பாப் நாள் பார்த்து வைத்தவர் அல்லர், அதுவாக அமைந்தது. கதிர் மேற்கே சாயும் வேளை. அந்நேரத்தில் கோயில்தோறும் நந்தியின் கொம்புகளுக்கிடையே அவனைக் காண அடியார்கள் நின்றிருப்பார்கள். நானோ தீவனக் கொட்டகையின் படியில் பதிவேட்டோடு நின்றிருந்தேன். எது வீழ்ந்தது, எப்போது வீழ்ந்தது என்று எழுதுவது என் வேலை. விருந்தினர் மூவரும் கல்மறைப்பில் இருந்தனர். அவர்களுள் மூத்தவர் இவ்விரு மான்களையும் அவற்றின் சொந்த மண்ணிலேயே வேட்டையாடியவர். என் தாள் மடிக்கப்பட்டு அவர் சட்டைப்பையில் இருந்ததைக் கண்டேன்.

முதலில், வெள்ளைவால்களைத் தனியே அடைத்திருந்த பட்டியின் வாயில் திறந்தது. நான் எழுதியபடியே அனைத்தும் நடந்தன. வெண்ணிற வால்கள் நிமிர்ந்தன, தரையோடு பாய்ந்தன, புதரில் மறைந்தன. ஒன்று மட்டும் வீழ்ந்தது. மற்றவை என்ன நேர்ந்ததென்று திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு கழுதைக்காதுகள். இரண்டு கலைகள் துள்ளித் துள்ளி ஓடைவரை சென்றன, நின்றன, பெரிய காதுகளை விரித்துத் திரும்பிப் பார்த்தன. இரண்டும் நின்ற இடத்திலேயே மடங்கின. என் வாக்கியம் இருமுறை மெய்யாயிற்று.

கடைசியாகக் காதுகிழிந்தவன். வாயிலருகே நின்ற தம்பி தகர டப்பாவை ஓங்கி ஒருமுறை தட்டினார். அவன் புறப்பட்டான். ஒரு வெடி; மண் தெறித்தது; தப்பினான். ஓடையைக் கடந்தான், நிற்கவில்லை. முன்னவை நின்ற இடத்தையும் கடந்தான், நிற்கவில்லை. கல்லில் விழும் மழைத்துளி மீண்டும் எழுவதுபோல் எழுந்து எழுந்து சரிவில் ஏறினான். சுவருக்கும் அவனுக்கும் இடையே இருபது முப்பது அடி இருந்திருக்கும்.

அப்போது எனக்குள் என்ன நேர்ந்தது என்பதைப் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். இனி நிற்பான், இனித் திரும்புவான் என்று என் வாக்கியம் உள்ளே இரைந்தது. அதை அடக்க வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஐயனே காப்பாற்று என்று வேண்டினேன். வேண்டுதல் எனக்கு எப்போதும் எவ்வழியில் வருமோ அவ்வழியில் வந்தது. வாய் திறந்தது. அந்திதோறும் வன்னியடியில் பாடிய அதே பதிகத்தின் முதல் அடி, என் முழுக்குரலில், அந்தப் பள்ளத்தாக்கு எதிரொலிக்க எழுந்தது.

காதுகிழிந்தவன் நின்றான்.

காதுகள் இரண்டும், முழுதான ஒன்றும் கிழிந்த ஒன்றும், என் பக்கம் திரும்பின. பத்து நாள் கேளாத குரல் அது. அவன் உடம்பைத் திருப்பினான். சுவருக்கு முதுகு காட்டி, என்னை நோக்கி, தீவனத்துக்கு வரும் அதே நடையில் மூன்று அடி வைத்தான். “வேணாம்யா!” என்று தம்பி கத்தியது கேட்டது. நான் இரண்டாம் அடியைப் பாடிக்கொண்டிருந்தேன். வெடியோசைக்குப் பிறகும் அவ்வடியின் கடைசிச் சொல்லை நான் முடித்தேன் என்பதை எவ்வாறு எழுதுவேன்? நாக்கு நிற்கப் பழகியிருக்கவில்லை.

மூத்த விருந்தினர் கல்மறைப்பிலிருந்து எழுந்து நேரே என்னிடம் வந்தார். என் கையைப் பற்றிக் குலுக்கினார். “மானை அழைக்கக் குழல் ஊதுவதைக் கேட்டிருக்கிறேன். கொம்போடு கொம்பு தட்டுவதையும் கேட்டிருக்கிறேன். பாடி அழைப்பவரை இன்றுதான் கண்டேன். நன்றி, ஐயா” என்றார். அவர் கேலி செய்யவில்லை. அவர் கண்களில் உண்மையான வியப்பு இருந்தது. நான் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்து, காதுகிழிந்த கலை, மாலை இன்ன நேரம், ஒரே குண்டு என்று எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே விழுந்தது. அதுவும் எனக்கு வெறுப்பாயிருக்கிறது.

தம்பி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“ஐயா, நீங்க கெட்ட எண்ணத்துல பாடல. எனக்குத் தெரியும்.”

தேநீரைக் கையில் எடுத்தேன்.

“ஆனா சத்தியம் பண்ணீங்களேய்யா. சாமிகிட்ட வேண்டுறதுக்கு ஏன்யா வாய் வேணும்?”

அவர் வினவியது என்னைத்தான். ஆயினும் எத்தனையோ பேரை முணுமுணுக்காதீர் என்று கடிந்த அத்தனை சனிக்கிழமைகளையும் அது திரும்பக் கேட்டது. அடுத்த மாதம் அவர் லீவில் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. நானும் விலகி மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த சில வாரங்களில் அர்பாபின் ஓட்டுநர் ஒரு பொதியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே, முறையாகப் பதப்படுத்தி மென்மையாக்கிய ஒரு மான்தோல். ஒரு சீட்டும் இருந்தது: “உஸ்தாத், உங்கள் வழிபாட்டில் பெரியோர் மான்தோலில் அமர்வார்கள் என்று கேள்விப்பட்டேன். தலை விருந்தினருக்குப் போய்விட்டது. இது உனக்கு உரியது. இதில் அமர்ந்து எனக்காகவும் வேண்டிக்கொள்.”

அவர் அன்போடு அனுப்பியது அது. அதைவிடக் கொடிய தண்டனையை என்னால் எனக்கு விதித்துக்கொண்டிருக்க முடியாது. தோலை எறிந்தால் காதுகிழிந்தவன் குப்பையில் கிடப்பான். அமர்ந்தால் நான் அவன்மேல் அமர்ந்திருப்பேன். சுருட்டி, வெள்ளைத் துணியில் கட்டி, என் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஏறத்தாழ ஓராண்டாக அங்கேதான் இருக்கிறது.

இறைவன் குரல் கேட்டுத் திரும்பும் உயிரே பக்குவப்பட்ட உயிர் என்று வாழ்நாளெல்லாம் பாடினேன். திரும்பாமல் ஓடிய வெள்ளைவால்கள் அந்தப் புதர்களில் இன்றும் மேய்கின்றன. திரும்பியவன் அலமாரியில் இருக்கிறான். இதை எந்தப் பதிகத்தில் கொண்டுபோய்ப் பொருத்துவது என்று தேடினேன்; இடம் கிடைக்கவில்லை. அன்று இறைவன் என் வேண்டுதலைக் கேட்டானா என்பதும் எனக்குத் தெரியாது. மான் கேட்டது. அது ஒன்றுதான் எனக்கு உறுதி.

இன்று காலை ஒலிப்பதிவு ஓடி முடிந்து, எல்லோரும் களி உண்ணச் சென்ற பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பொதியை முதன்முறையாக அவிழ்த்தேன். தோலை விரித்து அதன் எதிரே வெறுந்தரையில் அமர்ந்தேன். குண்டு புகுந்த இடத்தைத் தைத்திருந்தார்கள்; நன்றாகவே தைத்திருந்தார்கள். பதிகத்தின் முதல் அடி நாவின் நுனிவரை வந்தது. உதட்டைக் கையால் பொத்திக்கொண்டேன். உள்ளே ஓதவும் முயன்றேன். இரண்டாம் அடியைத் தொட்டதும் அந்த மூன்று அடி நடை கண்முன் வர, நிறுத்திவிட்டேன். பிறகு தோலை மீண்டும் சுருட்டிக் கட்டி மேலே வைத்தேன். வரும் சனிக்கிழமையும் தாளக்கருவியோடு பின்வரிசையில்தான் அமர்வேன். என் குரலைக் கேட்க விரும்பிய அன்பர்களே, என்னைப் பொறுத்தருள்க. அதை நான் திரும்பத் தருவேன் என்று சொல்ல இயலவில்லை.

இதனைப் படித்தோர், படிக்கக் கேட்டோர், இடையில் மனம் தாளாமல் மூடி வைத்தோர் யாவரும் நலமே பெறுக. உங்கள் அன்பு எவர்க்கும் வலையாகாதிருக்க. உங்களை நம்பி நிற்கும் உயிர், நீங்கள் வாய் திறக்கும் முன்னரே சுவரைத் தாண்டியிருக்க. மானேந்திய கை உங்கள் அனைவரையும் தாங்குக.